இரண்டு மணி இருபத்தைந்து நிமிடம்

ஆயர் ஈத்தாம், பினாங்கு
14.12.2025

அன்புள்ள வேலு,

நலம். நீயும் தங்கச்சி சரோஜாவும் நலமென நம்புகிறேன். உன் இரண்டு கடிதங்களுக்கும் எட்டு மாதங்களாகப் பதில் எழுதாததற்கு என் முழங்காலைக் காரணமாகக் காட்டினால், தைப்பிங் பேருந்தில் சொன்ன அதே வார்த்தையை மறுபடியும் சொல்வாய்; ஆகவே காரணம் எதுவும் காட்டவில்லை. மணியம் கண் அறுவை முடிந்து வீடு திரும்பிவிட்டான். கட்டை அவிழ்த்ததும் அவன் முதலில் பார்த்துச் சிரித்தது என் தலையைத்தான்.

எழுத உட்கார வைத்தது வேறு செய்தி. 2014 மார்ச்சில் கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் போகும் வழியில் மறைந்த எம்எச்370 விமானத்தைத் தேடும் பணி இம்மாதம் 30ஆம் தேதி மீண்டும் தொடங்குமென்று போக்குவரத்து அமைச்சு 3ஆம் தேதி அறிவித்ததை நீயும் படித்திருப்பாய். அதே ஓஷன் இன்ஃபினிட்டி நிறுவனம்தான். கண்டுபிடித்தால் ஏழு கோடி அமெரிக்க டாலர், இல்லாவிட்டால் ஒரு காசும் கிடையாது என்ற ஏற்பாட்டில், விட்டுவிட்டு 55 நாள் கடலடியில் தேடப்போகிறது. லிம் கடையில் செய்தித்தாளை விரித்த மாத்திரத்தில் பழைய சண்டை அத்தனையும் எழுந்து உட்கார்ந்துவிட்டது. மணியம் இன்னும் விமானத்தை இந்தியப் பெருங்கடலில் அமெரிக்கப் படைத்தளம் உள்ள டியேகோ கார்சியா தீவில்தான் நிறுத்தி வைத்திருக்கிறான். 2014இல் கோலாலம்பூர் விமான நிலையத்துக்குத் தேங்காயோடும் மூங்கில் தொலைநோக்கியோடும் வந்த போமோவை, அந்த மலாய் மந்திரவாதியை, பார்த்துச் சிரித்தவர்களில் அவனும் ஒருவன் என்பதை நினைவூட்டினேன். எனக்கான கோப்பியையும் சேர்த்துத் தானே குடித்துவிட்டான்.

நமது பந்தயம் உனக்கு நினைவிருக்கும். மறைந்த விமானத்தின் சரக்கறையில் நான்கரை டன் மங்குஸ்தீனும் 221 கிலோ லித்தியம் மின்கலங்களும் இருந்தன என்று தெரிந்த வாரத்தில், ஒரு கூடை மங்குஸ்தீனைப் பணயமாக வைத்தோம். தீப்பிடித்தது என்பது என் கட்சி. புகையைக் கண்ட விமானி, பக்கத்திலிருக்கும் ஓடுதளத்தை நாடி பினாங்கு நோக்கித் திருப்பினார், தரையிறக்குமுன் எல்லோரும் மயங்கிவிட்டார்கள், ஆளில்லாத வண்டி மாடு போல விமானம் எண்ணெய் தீரும்வரை தானாகப் பறந்தது என்று பதினோரு ஆண்டுகளாகச் சாதித்துவந்தேன். நாற்பது ஆண்டுகள் வயர்மேனாக இருந்த நீ ஒரே ஒரு வாக்கியத்தால் அதை மறுத்தாய்: அணைந்த விளக்கு தானாக எரியாது.

அந்த வாக்கியத்தின் பொருள் எனக்கு இப்போதுதான் முழுதாக உறைத்திருக்கிறது, வேலு. ஒரு வாரமாக அதையேதான் தாளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதிகாலை 12:42க்குக் கிளம்பிய விமானத்திலிருந்து 1:19க்குக் கடைசிக் குரல் வந்தது. இரண்டு நிமிடத்தில் நமது எல்லைக்கும் வியட்நாமின் எல்லைக்கும் இடையே அது கட்டுப்பாட்டாளரின் திரையிலிருந்து மறைந்தது. பிறகு அது திரும்பித் தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து, நம் தீவின் தெற்கே வளைந்து, மலாக்கா நீரிணை வழியாக வடமேற்கே போனதை இராணுவ ரேடார் 2:22வரை பார்த்திருக்கிறது. இந்த இடைவெளியில் எப்போதோ செயற்கைக்கோள் இணைப்பும் அறுந்துபோயிருந்தது. சரியாக 2:25க்கு, ரேடாரின் கண்ணிலிருந்து தப்பிய மூன்றாவது நிமிடத்தில், விமானமே செயற்கைக்கோளை அழைத்து அந்த இணைப்பை மீண்டும் கேட்டிருக்கிறது. மின்சாரம் நின்று திரும்ப வந்தால்தான் கருவி அப்படி அழைக்கும் என்பதே இதை ஆராய்ந்தவர்கள் பெரும்பாலோரின் கருத்து.

நான் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். காலை 8:19க்கும் அதே கருவி அதே போல விழித்தெழுந்ததே, அதற்கு யார் கை காரணம் என்று கேட்டுப் பார்த்தேன். விடை என் முகத்திலேயே அறைந்தது. எண்ணெய் தீர்ந்து இரண்டு எஞ்சினும் நின்றதால் வால்பகுதியில் உள்ள துணை எஞ்சின் தானாக இயங்கி மின்சாரம் கொடுத்தது என்று அதை விளக்கலாம். ஆனால் 2:25க்கு எண்ணெயும் இருந்தது, எஞ்சின்களும் ஓடின, அதன்பின் ஏறக்குறைய ஆறு மணி நேரம் விமானம் பறந்தும் இருக்கிறது. கம்பியைக் கருக்கிய தீ, அந்தக் கம்பியை ஒட்டவைத்துவிட்டு, தானும் அணைந்து, விமானத்தைப் பத்திரமாக அனுப்பிவைத்தது என்று இனியும் நான் சொன்னால் பள்ளிக்கூடத்தில் என்னிடம் கணக்குப் படித்த பிள்ளைகளே சிரிப்பார்கள். போதாததற்கு, மயங்கிக் கிடப்பவர்கள் பினாங்கின் அருகே ஒரு திருப்பமும், சுமத்ராவைத் தாண்டித் தெற்கே ஒரு திருப்பமும் எடுக்க மாட்டார்கள். ஒரு கை இருந்தது. ஒப்புக்கொள்கிறேன்.

யாருடைய கை என்பதில்தான், விமானியின் கை என்று சொல்லும் உன்னோடு நான் வரமாட்டேன். ஊர்ப்பாசம் என்று நீ கேலி செய்வாய், செய்துகொள். விமானி ஸஹாரி அகமட் ஷா நம் ஊரில் பிறந்தவர், பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்தவர். அவர் வீட்டில் கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்க வைத்திருந்த சிமுலேட்டரில் தென் இந்தியப் பெருங்கடலைக் காட்டும் சில புள்ளிகள் கிடைத்தன என்பது மெய்தான், அது என்னையும் தூங்கவிடாத செய்திதான். ஆயினும் 2018 ஜூலையில் வெளியான மலேசிய விசாரணைக் குழுவின் 495 பக்க அறிக்கை, விமானம் கையால்தான் திருப்பப்பட்டிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, மூன்றாம் நபரின் தலையீட்டையும் விலக்க இயலாது என்று சொல்லி, காரணத்தைத் தீர்மானிக்க முடியவில்லை என்ற இடத்தில் நின்றுகொண்டது. இத்தனை பேர் நிற்குமிடத்தில் கோப்பிக் கடையில் உட்கார்ந்துகொண்டு நான் தாண்டமாட்டேன்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. துணை விமானியின் கைப்பேசியை அன்று 1:52க்கு ஒரு கோபுரம் ஒரு கணம் பிடித்தது அல்லவா, அந்தக் கோபுரம் பண்டார் பாரு ஃபார்லிமில் இருப்பது. என் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரம். 239 பேர் இந்த ஊரை ஒட்டிப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் நான் ஜன்னலைத் திறந்துவைத்துக் குறட்டை விட்டிருக்கிறேன். என் வயதான காதுக்குக் கேட்கவில்லை, சரி; தீவுக்கு எதிர்க்கரையில் பட்டர்வொர்த்தில் விமானப்படைத் தளமே இருக்கிறது. ரேடார் கண்ட புள்ளியை நட்பு விமானமென்று எண்ணியதால் ஒரு போர் விமானம்கூடக் கிளம்பவில்லை. விமானம் வரவில்லையே என்று ஹோ சி மின் நகரம் 1:39க்குக் கேட்டும், இங்கே மீட்பு மையம் இயங்கத் தொடங்கியது காலை 5:30க்கு. யார் கை என்று பதினோரு ஆண்டுகளாகக் கேட்கிறோமே, அந்த நான்கு மணி நேரம் கட்டிக்கொண்டிருந்த கைகளைப் பற்றி யாராவது பந்தயம் வைத்தார்களா?

பெர்த்தில் இருக்கும் உன் பக்கத்துக் கடலுக்கு வருகிறேன். செயற்கைக்கோளுக்கும் விமானத்துக்கும் இடையே சமிக்ஞை போய்வர எடுத்த நேரத்திலிருந்து கிடைப்பது தூரம் மட்டுமே என்பதால், விமானம் ஒரு வட்டத்தின் மீது எங்கோ இருந்தது என்றுதான் சொல்ல முடியும். 8:19க்கு வந்த சமிக்ஞை காட்டும் கடைசி வட்டத்தின் ஒரு துண்டான ஏழாவது வில்லைத்தான் எல்லோரும் துழாவுகிறார்கள். 2017 ஜனவரிவரை 1,20,000 சதுர கிலோமீட்டரும், மறு ஆண்டில் 1,12,000க்கு மேலும் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். வட்டம் தவறு என்று நான் நினைக்கவில்லை. 2015 ஜூலையில் ரியூனியன் தீவில் இறக்கைத் துண்டு ஒதுங்கியது, உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்துக் கடலியல் அறிஞர் சரித பட்டியாரச்சி போன்றவர்கள் கணித்த நீரோட்டத்தோடு பொருந்துகிறது. தான்சானியாவில் ஒதுங்கிய துண்டோ, கடைசியில், இறங்கும்போது விமானி விரிக்கும் இறக்கை மடிப்புகள் விரிக்கப்படாமலே இருந்தன என்று காட்டுவதாகச் சொல்கிறார்கள். அதாவது, 2:25க்கு இருந்த கை 8:19க்கு இருந்ததா என்பதே ஐயம். இருந்திருந்தால் விமானம் வில்லுக்கு வெளியே வெகுதூரம் மிதந்து இறங்கியிருக்கலாம். இல்லாவிட்டால், ஒலியால் கடலடியைத் துழாவும் சோனார் கண்ணுக்கு எட்டாத ஏதோ ஒரு பள்ளத்தில், தேடிய இடத்திலேயே கிடக்கலாம்.

கறுப்புப் பெட்டி கிடைத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று மணியம் சொல்கிறான். குரலைப் பதியும் பெட்டி கடைசி இரண்டு மணி நேரத்தை மட்டுமே வைத்துக்கொண்டு பழையதை அழித்துவிடும். 1:21இல் அந்த அறைக்குள் யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்பது, நடுவில் யாரும் அதை அணைத்திருந்தாலொழிய, காலையிலேயே அழிந்துபோயிருக்கும். இன்னொரு பெட்டி 25 மணி நேரத்துக் கணக்கு வைத்திருப்பது. உப்புநீர் அதை விட்டுவைத்திருந்தால், எந்தப் பொத்தான் எப்போது திருகப்பட்டது என்று சொல்லும், திருகிய விரலைச் சொல்லாது. சென்னையிலிருந்து போன அந்த ஒருவரையும் சேர்த்து ஐந்து இந்தியர், பெய்ஜிங்கில் காத்திருந்த அத்தனை குடும்பங்கள், இவர்கள் கேட்பது விரலையா, இடத்தையா என்று எனக்குத் தெரியவில்லை. நானாக இருந்தால் இடத்தைக் கேட்பேன்.

ஆகவே பந்தயத்தில் பாதி உனக்கு. பழத்தை உன் ஊர் விமான நிலையத்தில் விடமாட்டார்கள். தைப்பூசத்துக்கு வருவதாகச் சொன்னாயே, வந்து தண்ணீர்மலை ஏறி இறங்கியதும் என் வீட்டுத் திண்ணையில் அரைக்கூடை காத்திருக்கும். மீதிப் பாதியை நான் கொடுக்கப்போவதில்லை, நீயும் கேட்க வேண்டாம்.

அன்புடன்,
குணா