டைட்டானிக் கண்காட்சி அமைப்பாளர்களுக்கு: பத்துக்கு நான்கு சீட்டு

டைட்டானிக் கண்காட்சிகளை ஊர் ஊராகக் கொண்டு செல்லும் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். கண்காட்சிக்குள் நுழைகிறவர்கள் கையில் வாசலிலேயே ஒரு சீட்டு தருவது உங்களில் பலருக்கு வழக்கம். பழைய கப்பல் டிக்கெட் போல அச்சடித்த சீட்டு. 1912 ஏப்ரலில் அந்தக் கப்பலில் உண்மையாகவே போன ஒருவரின் பெயர், வயது, ஊர், எந்த வகுப்பு, எதற்காகப் பயணம் என்பதெல்லாம் அதில் இருக்கும். கடைசி அறையில் பெரிய பெயர்ப்பலகை. நம் கையில் இருக்கும் ஆள் பிழைத்தாரா இல்லையா என்று அங்கே போய்த் தேட வேண்டும். நல்ல யோசனைதான். மற்ற எதையும் சரியாகப் பார்க்காத பிள்ளைகள்கூட அந்தச் சீட்டை மட்டும் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

இந்த மடல் அந்தச் சீட்டுக்கட்டைப் பற்றியது. கட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் பயணிகள். கப்பலில் இருந்த சுமார் 2,200 பேரில் கிட்டத்தட்ட 900 பேர் அங்கே வேலை பார்த்தவர்கள். அப்படியானால் பத்துச் சீட்டில் நான்கு ஊழியர் சீட்டாக இருக்க வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான். மீதி மடல் முழுக்க அதற்கான காரணங்கள்.

நீங்கள் எந்த ஊருக்குப் போனாலும் அந்தப் பெரிய மாடிப்படியைக் கட்டிவிடுகிறீர்கள். செதுக்கிய ஓக் மரம், நடுவில் கடிகாரம், மேலே கண்ணாடிக் கூரை. எல்லாரும் அங்கே நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அதே கப்பலின் முன்பக்கத்தில் வேறு இரண்டு படிக்கட்டுகளும் இருந்தன. ஸ்டோக்கர்கள், அதாவது உலைக்குக் கரி போடுபவர்கள், தூங்கும் இடத்திலிருந்து நேரே கப்பலின் அடிவயிற்றுக்கு இறங்கும் இரும்புச் சுழல் படிகள். இறங்கினால் ஒரு சுரங்கப்பாதை. அதன் வழியே நடந்தால் கொதிகலன் அறை. ஷிப்ட் மாறும்போது கரி அப்பிய உடம்போடு போய்வருகிறவர்கள் பயணிகள் கண்ணில் படக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. நூறு வருடத்துக்கு மேலாகியும் நீங்கள் அந்த ஏற்பாட்டை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறீர்கள்.

கீழே என்ன நடந்தது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். டைட்டானிக்கில் 29 கொதிகலன்கள், அவற்றுக்கு 159 உலைகள். ஒரு நாளைக்கு 600 டன்னுக்கு மேல் நிலக்கரி எரிந்தது. அட்லாண்டிக்கின் வேகச் சாதனையை 20 ஆண்டுகள் கையில் வைத்திருந்த மொரிட்டேனியாவில் 192 உலைகள். அது தின்ற கரி நாளொன்றுக்குச் சுமார் 1,000 டன். இத்தனையும் ஷவலால் அள்ளிப் போட்டது. நான்கு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, மறுபடி நான்கு மணி நேரம் என்று கரை சேரும்வரை இரவு பகல் பார்க்காமல் ஓடும் சுழற்சி.

கொதிகலன் அறையில் ஒரு கருவி இருந்தது. குறித்த இடைவெளியில் மணி அடித்து, அடுத்து எந்த எண் உலையைத் திறக்க வேண்டும் என்று காட்டும். மணி அடித்ததும் கதவைத் திறக்க வேண்டும், கரியைப் பரப்பிப் போட வேண்டும், நீளக் கம்பியால் கிளறிவிட்டு மூட வேண்டும். கதவு அதிக நேரம் திறந்திருந்தால் நீராவி அழுத்தம் இறங்கிவிடும். கப்பல் வேகமாகப் போக வேண்டுமென்றால் மணியின் இடைவெளியைக் குறைத்துவிடுவார்கள். மேலே புகைபிடிக்கும் அறையில் கனவான்கள், இன்றைக்குக் கப்பல் எத்தனை மைல் ஓடும் என்று பந்தயம் கட்டி விளையாடுவார்கள். அந்தப் பந்தயத்தில் யார் ஜெயிப்பது என்பதை அந்த மணிதான் முடிவு செய்தது.

ஸ்டோக்கருக்கும் கீழே ஒரு ஆள் உண்டு, ட்ரிம்மர். கரிக்கிடங்குக்குள் இருந்து தள்ளுவண்டியில் கரியைக் கொண்டுவந்து உலைக்கு முன்னால் கொட்டுவது இவர் வேலை. ஒரு பக்கத்துக் கிடங்கில் மட்டும் கரி குறைந்தால் கப்பல் சாய்ந்துவிடும் என்பதால் எல்லாப் பக்கமும் சமமாகக் குறையும்படி எடுக்க வேண்டும். மூடிய கிடங்கு, கரித்தூசி, ஆடிக்கொண்டே இருக்கும் தரை. மாதச் சம்பளம் 5 பவுன் 10 ஷில்லிங் (20 ஷில்லிங் சேர்ந்தால் ஒரு பிரிட்டிஷ் பவுன்). ஸ்டோக்கருக்கு 6 பவுன். சாப்பாடு பரிமாறி, படுக்கை விரித்து, பயணிகள் வாந்தி எடுத்தால் துடைக்கவும் வேண்டிய ஸ்டூவர்டுக்கு 3 பவுன் 15 ஷில்லிங்தான். டிப்ஸை நம்பித்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது.

இந்தச் சம்பளமும் கப்பல் ஓடும் நாட்களுக்கு மட்டும். ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாகக் கையெழுத்துப் போட வேண்டும், கரை திரும்பியதும் கணக்கு முடிந்துவிடும். 1912 வசந்தத்தில் பிரிட்டன் முழுவதும் நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தம். கரி இல்லாமல் கப்பல்கள் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தன. டைட்டானிக் கிளம்பிய துறைமுக ஊரான சவுத்தாம்ப்டனில் எத்தனையோ வீடுகளில் வாரக்கணக்கில் வருமானம் இல்லை. அந்த நேரத்தில் டைட்டானிக்கில் வேலை கிடைத்தது அதிர்ஷ்டமாகத்தான் தெரிந்திருக்கும்.

சார்லட் கார்டெசா என்ற பணக்காரப் பயணியை உங்கள் பலகைகளில் அடிக்கடி பார்க்க முடியும். தன் பரிவாரத்துக்கும் சேர்த்து அவர் கொடுத்த கட்டணம் 512 பவுன் சொச்சம். ஒரு ஸ்டோக்கர் ஒரு நாள்கூட விடாமல் ஏழு வருடம் கரி அள்ளினால் கிடைக்கும் பணம். அவர் பிழைத்தார். மூழ்கிய துணிமணி, நகைகளுக்காக 1,77,000 டாலருக்கு மேல் இழப்பீடு கேட்டார். கேட்பது அவர் உரிமை, அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் அந்தப் பட்டியலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும்போது பக்கத்தில் இன்னொரு காகிதத்தையும் வையுங்கள்.

அது ஊழியர்களின் ஒப்பந்தப் பதிவேடு. வேலை முடிந்த தேதி என்று அதில் இருப்பது 1912 ஏப்ரல் 15. அன்றைய பிரிட்டிஷ் சட்டப்படி, கப்பல் மூழ்கினால் மாலுமியின் வேலையும் அந்த நேரத்தோடு முடிந்தது, சம்பளமும் அதுவரைக்கும்தான். ஏப்ரல் 10 அன்று கிளம்பிய கப்பல் ஐந்தாம் நாள் இரவு மூழ்கியது. ஒரு ஸ்டோக்கருக்குக் கணக்குப்படி வந்திருக்க வேண்டியது ஒரு பவுனும் கொஞ்சம் ஷில்லிங்கும். இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 1906ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் கைகொடுத்தது, அதை மறைக்கக்கூடாது. ஆனால் கப்பல் போனால் சம்பளமும் போச்சு என்ற நிலையை மாற்ற 1920இல் ஒரு சர்வதேச உடன்படிக்கை வேண்டியிருந்தது. கப்பலை இழந்த மாலுமிக்கு இரண்டு மாதம் வரை சம்பளம் தர வேண்டும் என்றது அது.

செத்த பிறகும் வகுப்பு போகவில்லை. பொதுமக்கள் கொடுத்த நிவாரண நிதி 4 லட்சம் பவுனைத் தாண்டியது. அதைப் பங்கிட்டவர்கள், இறந்தவரின் பதவியைப் பார்த்துக் குடும்பங்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்தார்கள். மேல்மட்ட அதிகாரியின் மனைவிக்கு வாரம் 2 பவுன், கரி அள்ளியவரின் மனைவிக்கு 12 ஷில்லிங் 6 பென்ஸ். நடத்தை சரியில்லை என்று அதிகாரிகள் நினைத்தால் அதையும் நிறுத்தலாம். மூழ்கிய ஊழியர்களில் பெரும்பாலோர் சவுத்தாம்ப்டனில் குடியிருந்தவர்கள். அந்த ஒரு ஊர் மட்டும் 550 பேரைப் போல இழந்தது.

கடைசிவரை வாசித்த எட்டு இசைக்கலைஞர்கள் உங்களிடம் எப்போதும் இருக்கிறார்கள், வயலின் ஒலியும் பின்னணியில் ஓடும். அவர்கள் லிவர்பூல் ஏஜென்சி ஒன்றின் ஆட்கள், இரண்டாம் வகுப்பு டிக்கெட்டில் ஏற்றப்பட்டவர்கள். அதனால் இழப்பீட்டுக்கு நீ பொறுப்பா நான் பொறுப்பா என்று கப்பல் கம்பெனியும் ஏஜென்சியும் கைகழுவின. வயலின் கலைஞர் ஜாக் ஹியூமின் தந்தைக்கு, மகனின் சீருடைக்கான பாக்கி 14 ஷில்லிங் 7 பென்ஸ் என்று ஏஜென்சியிலிருந்து பில் வந்தது. இதையும் சொன்னால் இசை கெட்டுவிடாது. லூயிஜி காத்தி காண்ட்ராக்ட் எடுத்து நடத்திய உணவகத்தின் கதையும் இப்படித்தான். பெரும்பாலும் இத்தாலியர், பிரெஞ்சுக்காரர் என அறுபதுக்கும் மேற்பட்டவர்கள். பிழைத்தது மூன்று பேர். அதில் இருவர் காசாளர் பெண்கள். அந்த உணவகத்தின் தட்டும் கரண்டியும் உங்கள் பெட்டிகளில் இருக்கலாம். அவற்றைக் கழுவியவர் யார் என்று ஒரு வரி சேர்க்கக்கூடாதா?

ஊழியர் என்றால் உடனே தியாகி வேடம் போட்டுவிடுவீர்களோ என்று எனக்கு ஒரு பயம் உண்டு. பொறியாளர்கள் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. கடைசி நிமிடங்கள்வரை விளக்கு எரிந்ததற்குக் காரணம் அவர்கள். 1914இலேயே சவுத்தாம்ப்டனில் அவர்களுக்குப் பெரிய நினைவுச்சின்னம் வைத்துவிட்டார்கள். ஸ்டோக்கர்கள் அந்த அச்சில் அடங்க மாட்டார்கள். அவர்கள் வாய்பேசுகிறவர்கள், சண்டைக்காரர்கள். விபத்து நடந்து பத்தே நாளில், ஏப்ரல் 24 அன்று, டைட்டானிக்கின் சகோதரிக் கப்பல் ஒலிம்பிக் கிளம்பத் தயாராக நின்றது. அவசரமாகக் கொண்டுவந்து ஏற்றிய மடக்குப் படகுகள் உபயோகப்படாது, இவற்றை நம்பிக் கடலில் போக மாட்டோம் என்று சொல்லி, கரி அள்ளும் கூட்டம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் மேல் கலகக் குற்றம் சுமத்தி போர்ட்ஸ்மத் நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். குற்றம் நிரூபணமானது என்று சொன்ன நீதிமன்றம், தண்டனை எதுவும் தராமல் விட்டுவிட்டது. கம்பெனி அந்தப் பயணத்தையே ரத்து செய்ய வேண்டியதாயிற்று. படகுப் பற்றாக்குறை பற்றி உங்கள் பலகைகளில் நீள நீளமாக எழுதுகிறீர்கள். அதை எதிர்த்து முதலில் கப்பலை நிறுத்தியவர்களைக் காணோம்.

இனி 13ஆம் எண் படகு. உங்கள் சீட்டுக்கட்டில் ரூத் பெக்கர் இருக்கக்கூடும். அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூரில் பிறந்தவள், 12 வயது. அப்பா அங்கே லூத்தரன் மிஷனரி. தம்பிக்கு உடம்பு சரியில்லை என்று அம்மா மூன்று பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அமெரிக்கா கிளம்பியிருந்தார், இரண்டாம் வகுப்பில். அன்று இரவு, குளிருமே, கேபினுக்குப் போய்ப் போர்வை எடுத்து வா என்று அம்மா அவளை அனுப்பினார். அப்புறம் நெரிசலில் அம்மாவும் தம்பி தங்கையும் 11ஆம் படகில் போய்விட, ரூத் போர்வைகளோடு 13இல் ஏறினாள்.

அதே படகுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஃப்ரெடெரிக் பாரெட், ஸ்டோக்கர்களின் மேஸ்திரி. பனிப்பாறை உரசியபோது 6ஆம் கொதிகலன் அறையில் நின்றிருந்தவர். தரைத்தகட்டுக்கு இரண்டடி மேலே கப்பலின் பக்கச்சுவர் பிளந்து தண்ணீர் பாய்ந்ததைக் கண்ணால் பார்த்தவர். அடுத்த அறைக்குத் தாவித் தப்பினார். 13 கடலில் இறங்கிய பிறகு மேலிருந்து 15ஆம் படகு நேரே தலைமேல் இறங்கி வந்தது. கயிற்றைக் கத்தியால் அறுத்துத்தான் படகு விலகியது. உலைச்சூட்டில் இருந்து அப்படியே வந்த ஸ்டோக்கர்கள் மெல்லிய உடுப்போடு உறைபனிக் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். ரூத் கொண்டுவந்த போர்வைகளைக் கிழித்து அவர்களுக்குத்தான் போர்த்தினார்கள். பாரெட்டுக்கே குளிர் தாங்காமல் சுக்கானை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். ஒரு பெண்மணி அவர்மேல் ஒரு மேலங்கியைப் போட்டுவிட்டார்.

ரூத்தின் சீட்டை மட்டும் கொடுத்தால் பாதிக் கதைதான். பாரெட்டின் சீட்டும் கட்டில் இருந்தால், அதை வாங்கியவர் ரூத்தைக் கையில் வைத்திருப்பவரைக் கடைசி அறையில் சந்திக்கக்கூடும்.

விவரம் கிடைக்காது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஊழியர் ஒப்பந்தப் பதிவேடுகள் லண்டனில் கியூ (Kew) என்ற பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பெயர், வயது, முகவரி, சம்பளம், இதற்கு முன் வேலை பார்த்த கப்பல் எல்லாம் வரிசையாக இருக்கும். லூசிடேனியா கப்பல் மூழ்கிய 1915ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் கப்பல் ஊழியர் பட்டியலை இணையத்திலேயே தேடலாம். மக்கள் பார்க்க மாட்டார்கள் என்ற பதிலும் செல்லாது. சவுத்தாம்ப்டன் சீசிட்டி அருங்காட்சியகம் 2012 முதல் ஊழியர்களின் கதையை நடுவில் வைத்துத்தான் டைட்டானிக்கைச் சொல்கிறது.

பயணிச் சீட்டின் அச்சிலேயே ஊழியர் சீட்டை அடிக்க வேண்டாம். அவர்களிடம் டிக்கெட் இல்லை, ஒப்பந்தம்தான் இருந்தது. எந்த வகுப்பு என்பதற்குப் பதில் என்ன வேலை, மாதம் எவ்வளவு என்று போடுங்கள். பின்பக்கம் பிழைத்தாரா என்பதோடு, பிழைத்தவர் அப்புறம் என்ன செய்தார் என்பதும் வேண்டும். பனிப்பாறையை முதலில் பார்த்த ஃப்ரெடெரிக் ஃப்ளீட் முதுமையில் சவுத்தாம்ப்டன் தெருவில் செய்தித்தாள் விற்றார், 1965இல் இறந்தார், 1993 வரை அவர் கல்லறைக்குக் கல் இல்லை. பைனாகுலர் இருந்திருந்தால் பாறையை முன்னமே பார்த்திருப்பேன் என்று அவர் சொன்னதை எடுத்துப் போடும் இடத்தில் இதற்கும் இரண்டு வரி இடம் இருக்கும்.

பாரெட்டின் சீட்டில் பின்பக்கம் எழுத வேண்டியதை நானே தந்துவிடுகிறேன்: '13ஆம் படகில் பிழைத்தார். லண்டன் விசாரணையில் சாட்சி சொன்னார். விபத்து நடந்து ஆறு வாரம்கூட ஆகாத நிலையில், 1912 மே 25 அன்று, அமெரிக்க செனட்டர் வில்லியம் ஆல்டன் ஸ்மித் இவரை விசாரிக்க நியூயார்க் துறைமுகத்தில் ஒலிம்பிக் கப்பலின் கொதிகலன் அறைக்கே இறங்கிப் போக வேண்டியிருந்தது. இவர் அங்கே வேலையில் இருந்தார்.'

இப்படிக்கு,
உங்கள் கண்காட்சிகளைத் தொடர்ந்து பார்த்துவரும் ஒரு வாசகன்