நிலைவாசல் கல் சந்துக்குள் வந்த விதம்: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கும் உபயதாரர்களுக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

தாராவியில் நம் சந்துப் பிள்ளையார் கோயிலின் கருவறைத் தரையை இரண்டரை அடி உயர்த்தி, கருங்கல் நிலைவாசல் நிறுத்தி, வைகாசியில் குடமுழுக்கும் நடத்திவிட்டோம். 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி, மித்தி ஆறு கரை புரண்டபோது, பிள்ளையார் இடுப்பளவு தண்ணீரில் அமர்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் நம்மில் பலர். அதன் பிறகும் சந்துக்குத் தளம் போடும்போதெல்லாம் பாதை உயர்ந்தது. கோயில் பள்ளமாகிக்கொண்டே போனது. அதனால்தான் இந்தத் திருப்பணி.

வரவு ரூ. 6,84,500. செலவு ரூ. 6,71,200. கையிருப்பு ரூ. 13,300. பில்கள் எல்லாம் கோயில் பலகையில் ஒட்டப்பட்டுள்ளன. யாரும் வந்து பார்க்கலாம்.

கல் வந்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ராத்திரி வேலை என்பதால் உங்களில் பாதிப் பேர் பார்க்கவில்லை. நிலைக்கால் ஒவ்வொன்றும் ஆறடி நீளம், ஓரடிக்கு ஓரடி கனம். சுமார் 460 கிலோ. மேலே வைக்கும் உத்தரம் ஐந்தடி, 380 கிலோ. லாரி தொண்ணூறடி ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. சந்தின் அகலம் நாலரை அடி. கிரேன் வேண்டுமென்றால் கரண்ட் ஒயரை அவிழ்க்கணும், நாலு வீட்டுக் கூரைத் தகரத்தையும் கழற்றணும். மழைக்கு முன் அந்தச் சிரமத்தை அண்டை வீட்டாருக்குக் கொடுக்கக் குழுவில் ஒருவருக்கும் மனமில்லை.

ஊரிலிருந்து வந்த கல்தச்சர் பெரியவர்தான் வழி காட்டினார். ஆறடிக் கடப்பாரையின் நுனியைக் கல்லுக்கடியில் செருகி, நுனியிலிருந்து அரையடி தள்ளி ஒரு சிறு கல்லை முட்டுக் கொடுத்தார். இந்தப் பக்கம் அரையடி, கைப்பக்கம் ஐந்தரை அடி; பதினோரு மடங்கு. கல்லின் ஒரு முனையைக் கிளப்ப 230 கிலோ பலம் வேண்டிய இடத்தில் 21 கிலோ அழுத்தினால் போதும். கல்லூரிக்குப் போகும் பையன் ஒருவன் தனியாக அழுத்தினான், கல் எழும்பியது. ஆனால் கை ஓரடி இறங்கினால் கல் ஓரங்குலம்தான் ஏறும். பலத்தில் மிச்சப்பட்டதைத் தூரத்தில் கொடுக்கிறோம். மொத்த வேலை குறைவதில்லை. இதைப் பெரியவர் அன்று பிள்ளைகளிடம் நாலு தடவை சொல்லியிருப்பார்.

எழும்பிய இடைவெளியில் பலகையும், அதன் கீழ் இரும்புக் குழாய்களும் போட்டோம். கல் தரையில் தேய்ந்தால் நகர்த்துவது பெரும்பாடு. குழாயில் உருண்டால் ஆறு பேர் போதும். பின்னால் விடுபட்ட குழாயை எடுத்து முன்னால் போடுவது சிறுவர்கள் வேலை. ரோட்டிலிருந்து கோயில் வாசலுக்கு வர இரண்டு ராத்திரி ஆனது.

இரண்டரை அடி மேடையில் ஏற்றப் பதினைந்தடி நீளத்தில் பலகைச் சாய்தளம் அமைத்தோம். ஆறடி போனால் ஓரடி ஏற்றம். அதனால் இழுக்கும் பாரம் ஆறில் ஒரு பங்கு, உராய்வு தனி. நெல்லைப் பக்கத்துப் பெரியவர்களுக்கு உடனே மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கமலை நினைவு வந்துவிட்டது. அங்கே மாடு சரிவில் இறங்கும்போது அதன் எடையும் சேர்ந்து தண்ணீர்ச் சால் மேலே வரும். தஞ்சைப் பெரிய கோயில் விமான உச்சிக்குச் சாரப்பள்ளத்திலிருந்து சாரம் கட்டிக் கல்லேற்றியதாக ஊரில் சொல்வதையும் பெரியவர் சொன்னார். எங்களுக்குப் பதினைந்தடியே மூச்சு வாங்கியது.

இரண்டாவது நிலைக்கால் பாதி ஏறியபோது வடம் நழுவியது. ஒரு சாண் பின்னால் வந்த கல்லை முட்டுக்கட்டைதான் நிறுத்தியது. ஆனித் தேரோட்டத்தில் சக்கரத்துக்குக் கட்டை போட்டுப் பழகிய ஒருவர், அங்குலத்துக்கு அங்குலம் பின்னால் கட்டையை நகர்த்திக்கொண்டே வந்திருந்தார். கல்லின் எடையே அந்தக் கட்டையைப் பலகையோடு அழுத்திப் பிடித்தது. யாருக்கும் காயமில்லை. அவருக்குக் குழு சார்பில் மனமார்ந்த நன்றி. அதன் பிறகு கல்லுக்கடியில் யாரும் கையை நுழைக்கக் கூடாது என்பதைக் கண்டிப்பாக்கினோம்.

உத்தரத்தை ஏற்ற முக்காலி நட்டு, வாடகைக்கு ஒரு டன் தூக்கும் செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி) தொங்கவிட்டோம். பல அடி சங்கிலி இழுத்தால் கல் கொஞ்சம்தான் உயரும். ஆனால் கையை விட்டாலும் அப்படியே நிற்கும். டீ கொண்டுவந்த பாட்டி ஒருவர், "நானும் இழுக்கட்டுமாய்யா?" என்று கேட்டார். பெரியவர் விலகி நின்று சங்கிலியைக் கொடுத்தார். பாட்டி இழுக்க இழுக்க 380 கிலோ உத்தரம் விரற்கடை விரற்கடையாக மேலே போனதைப் பார்த்தவர்கள் கைகூப்பி நின்றார்கள்.

கடப்பாரை மூன்று, குழாய் எட்டு, முட்டுக்கட்டை ஆறு, வடம் ஒன்று இனி கோயில் சொத்து. மடப்பள்ளிப் பரணில் இருக்கின்றன. சந்தில் எந்த வீட்டுக்குப் பாரம் ஏற்றணும் என்றாலும் எடுத்துக்கொள்ளலாம்; பதிவேட்டில் எழுதிவிட்டு எடுங்கள்.

மண்டலாபிஷேகம் நடந்துகொண்டிருந்தபோதே இந்த ஆண்டின் முதல் பெருமழை வந்தது. சந்தில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. கோயிலில் இரண்டாம் படியோடு நின்றுவிட்டது.