பொம்மைக்கு உள்ள முத்திரை கெட்டிலுக்கும் வேண்டும்

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். எனக்கு அறுபத்தொரு வயது. மகள் வேலைக்குத் திரும்பியதிலிருந்து எட்டு மாதப் பேத்தியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பால் பவுடர் கரைக்கிற தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுக்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். அதற்காகவே ஒரு எனாமல் கெட்டில் வாங்கினோம். சிவப்பு நிறம், வெள்ளைப் பூப்போட்டது. அடுப்பில் வைத்ததை நான் மறந்தாலும் விசில் கூப்பிடும் என்று மகள் இணையத்தில் பார்த்து வாங்கினாள்.

மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஒரு நாள் விடியற்காலையில் பால் புட்டியைக் கழுவும்போது அடியில் கருப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. கடுகில் பாதி இருக்கும். தேயிலைத் தூள் என்று நினைத்து அலசி ஊற்றிவிட்டேன். மறுநாளும் ஒன்று கிடந்தது. அன்றைக்குத்தான் சந்தேகம் வந்து, கெட்டிலில் இருந்த வெந்நீரை வெள்ளை வேட்டித் துணியில் வடித்துப் பார்த்தேன். ஏழு சில்லுகள். ஒன்றை விரல் நுனியில் வைத்து அழுத்தினேன், குத்தியது. ஜன்னல் ஓரம் கொண்டுபோய்ப் பார்த்தால் பளபளக்கிறது. கண்ணாடி!

டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். மூக்கு உடம்போடு சேரும் இடத்தில் பூச்சு பெயர்ந்து, இரும்பு தெரிந்து, அதைச் சுற்றித் துரு ஓடியிருந்தது. முதல் சில்லு என்றைக்கு விழுந்தது, எத்தனை சில்லு குழந்தையின் வயிற்றுக்குள் போனது என்று எனக்குத் தெரியாது. மருத்துவர் பார்த்துவிட்டுப் பயப்பட ஒன்றும் இல்லை என்றார். குழந்தை நன்றாக இருக்கிறாள். ஆனால் அந்த வாரம் முழுக்க, அவள் ஒவ்வொரு முறை அழும்போதும் என் கை நடுங்கியதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

விற்றவர்களிடம் கேட்டதற்கு, திருப்பி அனுப்பும் நாள் முடிந்துவிட்டது என்றார்கள். கீழே போட்டிருப்பீர்கள், வெறும் கெட்டிலை அடுப்பில் காயவிட்டிருப்பீர்கள் என்றார்கள். போடவில்லை. காயவிடவில்லை. கம்பி நார்கூட அதன் மேல் பட்டதில்லை.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். ரயில் நிலையங்களில் முன்பு பார்ப்போமே, எனாமல் பெயர்ப்பலகை, அந்த மாதிரிப் பலகை செய்யும் பட்டறையில் வெகுகாலம் வேலை பார்த்தவர். கெட்டிலை அவரிடம் காட்டினேன். எனாமல் என்பது பெயின்ட் இல்லை என்றார். கண்ணாடித் தூளைக் கரைத்து இரும்புத் தகட்டில் பூசி, 800 டிகிரி வாக்கில் சூளையில் உருக்கி ஒட்டவைப்பதாம். தகடு அதற்கு ஏற்றதாக இல்லாவிட்டால் சூளையில் ஹைட்ரஜன் வாயு இரும்புக்குள் போய் மாட்டிக்கொள்ளும். ஆறின பிறகு அது வெளியே வரப் பார்த்து, பூச்சைப் பிறை பிறையாகத் தெறிக்கவைக்கும். உடனே தெரியாது, நாள் கணக்கிலோ வார கணக்கிலோ கழித்துத்தான் தெறிக்கும். பட்டறையில் இதற்கு ஃபிஷ் ஸ்கேல் என்று பெயர், மீன் செதில். என் சில்லுகளில் நான்கு அப்படிப் பிறை வடிவில்தான் இருந்தன. அப்புறம், மூக்கு ஒட்டும் இடத்தில் விளிம்பைச் சரியாக மழுக்காமல் விட்டால் பூச்சு அங்கே மெலிந்துதான் நிற்கும், முதலில் பெயர்வதும் அங்கேதான் என்றார். இரண்டுமே செய்தவர்கள் கையில் இருந்த தவறு. பழியைச் சுமந்தது வாங்கியவள்.

இரும்பைப் பிடித்துக்கொள்வதற்காக அடிப்பூச்சில் கோபால்ட், நிக்கல் ஆக்சைடுகள் சேர்ப்பார்கள். சிவப்பு, மஞ்சள் நிறங்களுக்குக் காட்மியம் என்ற நச்சு உலோகத்தைச் சேர்ப்பதும் பழைய வழக்கம். நன்றாக உருகிய கண்ணாடி இவற்றை விடாமல் பிடித்துவைத்திருக்கும். சரியாக வேகாத பூச்சு அப்படிப் பிடித்துவைக்காது. என் கெட்டிலின் உட்பூச்சில் என்ன இருக்கிறது என்று பெட்டியில் ஒரு வரி கிடையாது. விற்றவர்களுக்கும் தெரியவில்லை. இதைச் சோதிக்க வழி இல்லாமலும் இல்லை. எனாமல் பாத்திரத்திலிருந்து ஈயம், காட்மியம், கோபால்ட், நிக்கல் போன்றவை உணவில் எவ்வளவு இறங்கலாம் என்பதற்கு ஐஎஸ்ஓ 4531 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. உங்களுக்குத் தெரியாதது இல்லை.

நான் முக்கியமாகக் கேட்பது இதுதான். உணவும் குடிநீரும் படுகிற எனாமல் பாத்திரங்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரையைக் கட்டாயமாக்குங்கள்.

2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத பொம்மையை விற்கக் கூடாது. குழந்தை வாயில் வைக்கும் என்பதால் ஈயமும் காட்மியமும் அதில் எவ்வளவு என்று சோதிக்கிறீர்கள். அதற்கு ஒரு பாட்டியாக உங்களுக்கு நன்றி சொல்கிறேன். என் பேத்தியின் கிலுகிலுப்பையில் அந்த முத்திரை இருக்கிறது. அவள் குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைத்த கெட்டிலில் இல்லை. இது எந்த வகையில் சரி? பிரஷர் குக்கருக்கு 2020-இல் ஆணை வந்தது. 2024 மார்ச்சில் எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கும் வந்தது. எனாமல் மட்டும் ஏன் வெளியே நிற்கிறது?

பூச்சோடு முடிகிற விஷயமும் இல்லை. சாய்த்து ஊற்றும்போது மூடி கழன்று விழுகிறது. பக்கவாட்டில் ஏறுகிற தீயில் கைப்பிடி சுடுகிறது. வயதானவர்கள் கை பட்டு வெந்த பிறகுதான் அது தெரியவருகிறது. படத்தில் அழகாக இருக்கிற எதையும் விற்றுவிடலாம், வாங்குகிறவர் வீட்டில் வைத்துச் சோதித்துக்கொள்ளட்டும் என்ற நிலைக்கு வந்துவிட்டோம். இப்படிச் சோதிப்பது யார்? கைக்குழந்தையும் கண் மங்கிய கிழவியும்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், ஆபத்தான பொருளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறவைக்கும் அதிகாரம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு இருக்கிறது. ஆனால் எது ஆபத்து என்று சொல்ல ஒரு கட்டாயத் தரம் இல்லாவிட்டால், என்னைப் போன்றவர்கள் எதைக் காட்டி முறையிடுவது?

கோபத்தில் எழுதிக்கொண்டே போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆணை போடுவது மத்தியத் தொழில்துறை என்று அறிவேன். தரத்தை வகுப்பதும் முத்திரை தருவதும் நீங்கள். நீங்கள் எடுத்துச் சொன்னால் அவர்கள் கேட்பார்கள் என்ற நம்பிக்கையில் மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். எனாமல் பாத்திரங்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரையைக் கட்டாயமாக்கப் பரிந்துரை செய்யுங்கள். உட்பூச்சு எதனால் ஆனது, அதைச் சோதித்தது யார் என்று பெட்டியில் அச்சிடவையுங்கள்.

பேத்திக்கு இப்போது எவர்சில்வர் பாத்திரத்தில்தான் வெந்நீர். கெட்டிலை நான் தூக்கிப் போடவில்லை. அந்த ஏழு சில்லுகளையும் ஒரு காகிதத்தில் மடித்து அதற்குள்ளேயே வைத்திருக்கிறேன். சோதனைக்கு உதவும் என்றால் சொல்லுங்கள், தரமணி அலுவலகத்துக்கு நானே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பாட்டி