மூத்த குடிமக்கள் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, காட்பாடி காந்தி நகர் சுற்றுவட்டாரத்து மூத்த உறுப்பினர்களே, அவர்களை அழைத்து வந்திருக்கும் பிள்ளைகளே, மருமக்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. கத்திரி வெயிலில் மட்டும் மாலை ஐந்து மணியை ஆறரைக்குத் தள்ளினோம். வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அக்டோபர் 1, முதியோர் தினத்தன்று கோட்டைக்குப் போய் ஜலகண்டேசுவரரைத் தரிசித்து, புளியோதரை சாப்பிட்டுத் திரும்பினோம்.

இந்த ஆண்டின் உருப்படியான வேலை என்று நான் கருதுவது மிஸ்டு கால் ஏற்பாடுதான். தனியாக வசிப்பவர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்தோம். காலை ஏழு மணிக்குள் ஒருவருக்கொருவர் மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். எட்டு மணி வரை வராவிட்டால் நேரில் போய்க் கதவைத் தட்ட வேண்டும். மாற்றுச் சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். "உசுரோட இருக்கோமான்னு அட்டெண்டன்ஸ் எடுக்கிறீங்களா சார்?" என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. கார்த்திகையில் ஒரு நாள் தாராபடவேட்டு அம்மா ஒருவரிடமிருந்து கால் வரவில்லை. தோழி போய்ப் பார்த்தபோது கேட்டில் மாட்டிய பையில் பால் பாக்கெட் அப்படியே இருந்தது. அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, எழ முடியாமல் கிடந்தார். டல்லாஸில் இருக்கும் மகன் தினமும் இரவு எட்டு மணிக்கு வீடியோ காலில் வருபவர்; பாசத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அன்று அந்தக் காலுக்கு இன்னும் பன்னிரண்டு மணி நேரம் இருந்தது. ஆபரேஷன் முடிந்து, இன்று வாக்கரோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். கிண்டலும் நின்றுவிட்டது.

பிள்ளைகளோடு இருப்பவர்களுக்கும் மனக்குறை உண்டு. பொங்கலை ஒட்டி நடந்த குடும்பச் சந்திப்பில் ஒரு மருமகள், "மாமா வாயைத் திறந்தா மூட்டுவலியும் பிரஷரும்தான்" என்றார். "வேற எதையாவது என்கிட்ட கேட்டாத்தானே?" என்றார் மாமா. இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். அவர் இப்போது பேரனுக்கும் தெருப் பிள்ளைகளுக்கும் கணக்குச் சொல்லித் தருகிறார். மூட்டுவலி போகவில்லை, பேச்சில் அடிபடுவது குறைந்திருக்கிறது.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007 குறித்து வழக்கறிஞர் ஒருவரைப் பேச வைத்தோம். கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் ஜீவனாம்சம் கேட்டு மனு கொடுக்கலாம் என்றதும், "பெத்த பிள்ளை மேலயா?" என்று சிலர் எழுந்து போய்விட்டார்கள். அவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்: வீட்டைப் பிள்ளைக்கு செட்டில்மெண்ட் எழுதினால், தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். பின்னால் அந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி செட்டில்மெண்டை ரத்து செய்யக் கேட்க அந்த வரிதான் பிடிமானம். நல்ல பிள்ளைக்கு அதனால் நஷ்டமில்லை. அவசரத்துக்கு முதியோர் உதவி எண் 14567.

மிஸ்டு கால் ஏற்பாட்டில் சேர இன்னும் தயங்குபவர்கள் மனைவியை இழந்த ஆண்கள். கூட்டத்துக்கு வருகிறார்கள், டீ முடிந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். வரும் ஆண்டில் முதலில் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுவதாக உத்தேசம்.

மறைந்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இவ்வறிக்கையைப் பேரவை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

செயலாளர்