குழாயடித் தெருவுக்கு ஒரு மடல்

எங்கள் தெருவில் குடியிருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

ஒரே தெருவில் இருந்துகொண்டு மடல் எதற்கு என்று கேட்பீர்கள். நேரில் சொல்ல வந்தால் பேச்சு எங்கேயோ போய்விடுகிறது, காப்பி வேறு கொடுத்து உட்கார வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே வருவதற்கு முன் விழுப்புரத்தைச் சுற்றி 11 வீடு பார்த்தேன். போனில் பேசும்போது காலியாக இருந்த வீடு, நேரில் போய் நின்றதும் "நேத்துதான் அட்வான்ஸ் வாங்கிட்டோம்" ஆகிவிடும். திருநங்கை என்பதற்காக வாடகைக்கு வீடு மறுக்கக் கூடாது என்று 2019இல் சட்டமே வந்துவிட்டது. தமிழ்நாட்டில் எங்களுக்கு நலவாரியம் 2008இலேயே வந்தது. எல்லாம் சரி. சட்டத்தைக் காட்டிச் சாவி வாங்கினாலும், அப்புறம் அந்தத் தெருவில் எப்படிக் குடியிருப்பது?

கூவாகம் நமக்கு ஒன்றும் தூரமில்லை. சித்திரைப் பௌர்ணமிக்குக் கூத்தாண்டவர் கோயிலில் நாங்கள் தாலி கட்டிக்கொள்ளும்போது, கும்பிட்டு ஆசி வாங்குபவர்கள் எத்தனையோ பேர். மறுநாள் தாலியறுத்து, வெள்ளைப் புடவை கட்டி ஊர் திரும்பினால் யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. எனக்குச் சாமியாகும் ஆசையெல்லாம் இல்லை. குழாயடியில் என் குடத்துக்கும் முறை வந்தால் போதும் என்றிருந்தேன்.

முதல் வாரம் என் குடம் வரிசையில் தானாகவே பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. யார் நகர்த்தினீர்கள் என்று தெரியும், விடுங்கள். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, கோடி வீட்டுப் பெரியம்மா அதைத் தூக்கி முன்னால் வைத்து, "அதுவும் வேலைக்குப் போற பொண்ணுதானே" என்றார். 'அது' கொஞ்சம் உறுத்தியது. 'பொண்ணு' என்ற சொல்லில் அதை மறந்துவிட்டேன்.

அப்புறம் தையல். ஆரம்பத்தில் அளவு ஜாக்கெட்டைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புவீர்கள். ஒருத்தி கூட வாசற்படி ஏறவில்லை. ஆறு மாதம் கழித்து ஒரு அக்கா, "பழைய அளவு பத்தல, நீயே எடு" என்று உள்ளே வந்து கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். இன்ச் டேப் பிடித்த என் கைதான் நடுங்கியது. அவர் பாட்டுக்கு முருங்கைக்காய் விலையைப் பேசிக்கொண்டிருந்தார்.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த ராத்திரி என் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். தையல் மெஷினை மூன்று பேர் தூக்கிக்கொண்டு போய் எதிர்வீட்டுக் கட்டிலில் ஏற்றினீர்கள். கரண்ட் வரும்வரை அந்த வீட்டுப் பிள்ளைகளோடு ஒரே பாயில்தான் படுத்தேன். யாரும் அதைப் பெரிய விஷயமாகப் பேசவில்லை. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

இன்னும் பேசாத இரண்டு வீடுகள் உண்டு. கோபமில்லை. பண்டிகைக்குத் தைக்க அவர்களும் துணி அனுப்பத்தான் செய்கிறார்கள்.

இப்போது ஒரு வேண்டுகோள். என் பக்கத்து போர்ஷன் காலியாகிறது. என்னோடு தையல் பழகும் பெண், அவளும் திருநங்கைதான், வீடு கேட்டு வருவாள். புதுச்சேரியில் இருக்கும் வீட்டுக்காரர் உங்களில் யாருக்காவது போன் போட்டு விசாரிப்பார். என்னைப் பற்றி என்ன சொல்வீர்களோ, அதையே அவளைப் பற்றியும் சொல்லுங்கள். கொஞ்சம் கோபக்காரி, ஆனால் வாடகை தவறாது.

பொங்கல் ஜாக்கெட்டுகளை மார்கழி 20க்குள் கொடுத்துவிடுங்கள். போன வருடம் மாதிரி போகியன்று துணியோடு வந்து நின்றால் என்னால் ஆகாது.

இப்படிக்கு,
உங்கள் தையல்காரி