செங்கத்திலிருந்து ஒரு கடிதம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. அடுத்த கண்ணையும் தள்ளிப்போடாமல் செய்துகொள். போர்டு எழுதியே காலம் கழித்த உனக்கு, கண்ணைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பேத்தி பள்ளிக்கூடத்தில் ஓவியப் பரிசு வாங்கியது பற்றி எழுதியிருந்தாய். அவள் வரைந்த யானையை அடுத்த கடிதத்தோடு அனுப்பி வை, அசலையே அனுப்பு, பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். மகன் ஓசூரிலேயே வேலையில் நிலைத்துவிட்டான். எனக்கு மூட்டு வலி இருக்கிறது, ஆனால் வரப்பு ஏறி இறங்க முடிகிறது. அது போதும்.

"கல்லைப் போய் உட்கார்ந்து ஏன் வரைகிறாய், கைபேசியில் ஒரு படம் எடுத்தால் ஆகாதா?" என்று கேட்டிருந்தாய். படமும் எடுக்கிறேன். ஆனால் இந்த நடுகற்கள், சண்டையில் செத்த வீரனின் நினைவாக நட்ட கற்கள், படத்துக்குள் அவ்வளவு சுலபமாக அகப்படுவதில்லை. கோயில் சிற்பம்போல உருவம் துருத்திக்கொண்டு நிற்காது. பலகைக் கல்லில் விரல் நகத்தின் கனத்துக்குத்தான் புடைப்பு இருக்கும். அதன்மேல் எத்தனையோ நூற்றாண்டு மழையும் வெயிலும். வெளிச்சம் நேராக அடித்தால் வெறும் கல்தான் தெரியும், வீரன் போய்விடுவான்.

ஆகவே நான் முதலில் கற்றுக்கொண்டது வெயிலின் நேரம்தான். வடக்கு பார்த்து நிற்கும் கல்லென்றால் கோடையில் காலையிலும் மாலையிலும் பக்கவாட்டு வெளிச்சத்தில் கோடு கோடாக எழுந்து வரும். கிழக்கு பார்த்த கல்லுக்கு அதிகாலையில் போய்ப் பயனில்லை. சூரியன் நன்றாக மேலே ஏறி, உச்சிக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வெயில் கல்லின் முகத்தில் மேலிருந்து சறுக்கி இறங்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் வில்லின் வளைவும் இடுப்புக் கச்சையின் முடிச்சும் தெரியும். அதற்குள் பென்சிலில் பிடித்துவிட வேண்டும். மற்ற நேரமெல்லாம் சுற்றியுள்ள வயல், மரம், மலையைத்தான் வரைகிறேன்.

இந்தப் பக்கம் எவ்வளவு பழைய பக்கம் என்பது உனக்குத் தெரியும். செங்கத்துக்குச் சங்க காலத்துப் பெயர் செங்கண்மா. அதை ஆண்ட நன்னனைப் பார்க்கப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்வதுதான் மலைபடுகடாம். அந்த வழியிலேயே பெயர் பொறித்து நட்ட கற்கள் நிற்பதாக அது சொல்கிறது. இப்போது நாம் பார்க்கிற உருவக் கற்கள் அதற்குப் பிந்தியவை. பெரும்பாலும் பல்லவர் காலத்தவை, எழுத்து வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து. 1972இல் தொல்லியல் துறை செங்கம் நடுகற்கள் என்றே ஒரு தொகுப்பு வெளியிட்டது. அந்தப் புத்தகத்தின் ஒளிநகல் ஒன்று என் பையில் எப்போதும் கிடக்கிறது. ஓரமெல்லாம் என் பென்சில் கிறுக்கல்.

என்னை ஆட்டிவைத்தது எடுத்தனூர் கல். முதலாம் மகேந்திரவர்மனுடைய 34ஆம் ஆட்சியாண்டில் எழுப்பியது. மாமல்லபுரம் பக்கம் போனால் பல்லவன் என்றாலே குகைக் கோயிலும் ரதமும்தான் பேச்சு. அதே பல்லவர் காலத்தில், இங்கே கருந்தேவகத்தி என்று ஒருவன் தன் எருமைகளுக்காகச் சண்டை போட்டுச் செத்திருக்கிறான். அவனோடு அவன் நாயும் இருந்திருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். அது கள்ளனைக் கடித்துக் காத்து நின்றதைக் கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், உருவத்தையும் செதுக்கியிருக்கிறார்கள். யோசித்துப் பார், அரசனின் ஆட்சியாண்டு, வாணகோ அரைசர் என்ற சிற்றரசன், எருமைக்காரன், நாய், எல்லோரும் ஒரே கல்லில். அரசன் பெயரைத் தாங்கிய பெரிய கட்டடங்களில் எத்தனை நாய்க்கு இப்படிப் பெயர் கிடைத்திருக்கிறது?

அந்த நாயை வரைய ஆரம்பித்து என்னால் நிறுத்த முடியவில்லை. நின்றபடி, உறுமியபடி, எருமைகளுக்கு நடுவே படுத்தபடி. கல்லில் இருப்பது ஒரே நிலை, மீதி எல்லாம் என் மனதில் வந்தவை. அதற்காக எங்கள் தெரு நாய்களின் கழுத்தையும் காதையும் பல நாள் பார்த்துப் பார்த்து வரைந்தேன். கல்லில் இருப்பதை அப்படியே படியெடுக்கும் தாள்களை ஒரு பக்கமும், என் கற்பனையை இன்னொரு பக்கமும் தனித்தனி நோட்டில் வைத்திருக்கிறேன். இரண்டும் கலந்துவிடக் கூடாது என்பதில் கறாராக இருக்கிறேன். நாளைக்கு யாராவது ஒரு பிள்ளை என் படத்தைப் பார்த்து "கல்லில் இப்படித்தான் இருக்கிறது" என்று நம்பிவிட்டால் அது பெரிய அநியாயம்.

சேவலுக்கும் கல் நட்ட நாடு இது. விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில் ஒரு சண்டைச் சேவலுக்குக் கல் இருக்கிறது. இந்தளூர்க் கல்லில் உள்ள சேவலின் பெயர் பொற்கொற்றி, கீழ்ச்சேரிக் கோழி என்று எழுத்து சொல்கிறது. அந்தச் சேவலின் கழுத்து நிமிர்வைப் பார்த்தால் செதுக்கியவன் சேவல்கட்டு பார்த்து வளர்ந்தவன் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஒரே கோட்டில் கொண்டையிலிருந்து வால்வரை இறங்கியிருக்கிறான். நம் கல்லூரியில் மாடல் வைத்து வரையும்போது ஆசிரியர் "கையை எடுக்காமல் போடு" என்று சத்தம் போடுவாரே, அந்தக் கோடு.

இப்போது உனக்கு நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம்.

செங்கத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு கரும்புத் தோட்டத்து ஓரத்தில் ஒரு கல். வீரன் இடக்கையில் வில், வலக்கையில் குறுவாள், தலைமுடி பக்கவாட்டில் கொண்டையாக. காலருகில் ஒரு சிறு கெண்டி. எழுத்து தலைக்கு மேலே தொடங்கி, வாள்முனை வரும் இடத்தில் வரி இடம் போதாமல் சற்றுக் கீழே வளைந்து போகிறது. அப்படியானால் உருவத்தை முதலில் செதுக்கிவிட்டு, பிறகுதான் எழுத்தை வெட்டியிருக்கிறார்கள். இது படத்தில் எனக்குத் தெரியவில்லை, அந்த வரியைப் பென்சிலால் தொடர்ந்து போனபோதுதான் பிடிபட்டது. போர்டில் படம் முடிந்த பிறகு உன்னிடம் எழுத்துக்குத் தருவார்களே, அந்த வேலைதான்.

கல் முழுக்க மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, இடுப்பில் ஒரு துண்டு கட்டியிருந்தார்கள். எதிரே சூலம், மண் குதிரை, எண்ணெய் வழிந்த அகல். இங்கே பல ஊர்களில் நடுகல் வீரன்தான் வேடியப்பன். குலசாமி. என்னோடு வந்த ஓர் ஆர்வமுள்ள தம்பி, "ஐயா, மஞ்சளையெல்லாம் விட்டுவிட்டுக் கல்லை மட்டும் வரையுங்கள், அதுதான் வரலாறு" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. எண்ணெயும் மஞ்சளும் அப்பி எழுத்து அடைந்து போகிறது, மைப்படி எடுக்க வருபவர்களுக்குப் பெரிய தொல்லை. கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டிப் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றினால்தான் எழுத்து வெள்ளையாக எழும்பும். எண்ணெய்ப் பிசுக்கில் தாள் ஒட்டாது.

ஆனாலும் நான் மஞ்சளோடுதான் வரைந்தேன். கல் இத்தனை நூற்றாண்டு நின்றதற்குக் காரணமே அந்த மஞ்சள்தான் என்று உறுதியாக நினைக்கிறேன். சாமி என்பதால்தான் அதைப் பெயர்த்து வாசல்படியாகப் போடவில்லை, துணி துவைக்கும் கல்லாக்கவில்லை. கும்பிடாத ஊர்களில் என்ன ஆனது என்பதையும் பார்க்கிறேன்: ஏரிக்கரையில் பாதி புதைந்து, சாலைக்காக நகர்த்தி, உடைந்து. தொல்காப்பியம் கல் நடுவதன் படிகளைச் சொல்லும்போது காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று போகிறது. கடைசிப் படியான வாழ்த்தலை அந்தக் கரும்புத் தோட்டத்து அம்மா தினமும் செய்துகொண்டிருக்கிறார். அதை நீக்கிவிட்டு வரைந்தால் பாதிக் கல்லைத்தான் வரைந்ததாகும்.

அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். "செருப்பை அங்கே விட்டுட்டு வந்து வரைங்க" என்றார், அவ்வளவுதான். வரைந்து முடித்ததும் தாளை வாங்கி வெகு நேரம் பார்த்தார். வாள் இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்ததாம், மஞ்சளுக்கு அடியில் கையில் இருப்பது தடி என்று நினைத்திருந்தாராம். மறுபடி கல்லிடம் போய் விரலால் வாள்முனைவரை தடவிப் பார்த்துவிட்டு வந்தார். அந்தத் தாளின் நகலை அவருக்கே கொடுத்துவிட்டேன்.

அதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். ஒவ்வொரு கல்லுக்கும் இரண்டு தாள். ஒன்றில் கோடு மட்டும், இந்தியன் இங்க்கில், அளவோடு, எழுத்துகள் இருக்கிற இடத்திலேயே. இன்னொன்றில் நீர்வண்ணம்: மஞ்சள், துண்டு, கரும்பு, பின்னால் சவ்வாது மலை, அன்றைக்கு அங்கே நின்ற மனிதர்கள். தர்மபுரி அருங்காட்சியகத்தில் வைத்திருக்கும் நடுகற்களையும் போய் வரைந்தேன். பாதுகாப்பாக இருக்கின்றன, எழுத்து தெளிவாகத் தெரிகிறது, கோட்டுப் படத்துக்கு அருமையான இடம். ஆனால் இரண்டாவது தாளுக்கு அங்கே எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

உன் ஊர்ப் பக்கமும் இதில் வருகிறது, பார். 2006இல் வைகைக் கரையில் புலிமான்கோம்பையில் கிடைத்த நடுகற்களில் உருவமே கிடையாது. வெறும் தமிழி, அதாவது தமிழ் பிராமி எழுத்து. ஒன்றில், கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் இறந்த தீயன் அந்தவன் என்பவனின் பெயர். இங்கே செங்கத்தில் வில், வாள், நாய், மாடு என்று எல்லாம் காட்டிய பிறகும் ஒரு வரி எழுதுகிறார்கள். அங்கே அந்த ஒரு வரிதான் முழு மனிதனும். அதை என்னால் வரைய முடியாது. உருவம் போடுகிற கைக்கு அங்கே வேலை இல்லை, எழுத்துக்காரன் கை வேண்டும்.

அதனால்தான் உன்னைக் கூப்பிடுகிறேன். வட்டெழுத்துக்கும் நீதான் வர வேண்டும். நான் எழுதினால் அது எழுத்தின் படம்போல இருக்கிறது. உளி எங்கே அழுந்தியது, எங்கே திரும்பியது என்பது ஒற்றைக் கோட்டில் எழுத்தை முடிக்கத் தெரிந்த உனக்குத்தான் பிடிபடும். செங்கத்துக் கற்களுக்கு உன் எழுத்து, என் உருவம். தாள்கள் சேர்ந்ததும் இந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களில் மட்டும் வைத்துக் காட்டலாம் என்று ஆசை. சென்னைக்கு எடுத்துப் போவதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

தை மாதம் வா. காலைப் பனி விலகியதும் வெயில் சாய்வாக வரும், அறுவடை முடிந்த வயலில் நடக்கவும் சுலபம். டாக்டர் தூசியில் போகலாம் என்று சொன்ன பிறகு டிக்கெட் போடு, அவசரம் வேண்டாம். வரும்போது உன் பழைய தட்டைத் தூரிகைகளைக் கொண்டு வா, நாலாம் நம்பரும் எட்டாம் நம்பரும் போதும். இங்கே கிடைப்பவை இரண்டே நாளில் முடி கொட்டிவிடுகின்றன. தாள் நான் வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்