இரண்டு குடும்பம், ஒரு ரேஷன் கார்டு: கடலோர ஊர் நிர்வாகிகளுக்கு ஒரு மடல்

ராமநாதபுரம் கடலோரத்து ஜமாஅத் நிர்வாகிகளுக்கும், பங்குப் பேரவையினருக்கும், மீனவர் ஊர்க் கமிட்டியாருக்கும் ஸலாம், வணக்கம்.

தாலுகா ஆபீஸ் பக்கம் மனு எழுதிப் பிழைக்கிறவன் நான். வாரிசுச் சான்று, விதவை உதவித்தொகை, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது என்று இதேதான் அன்றாட வேலை. ஓர் ஆள் இறந்ததும் இரண்டு பெண்கள் தனித்தனியாக வந்து, ஒரே ஆளின் மனைவி என்று மனு எழுதச் சொன்னால் எனக்குக் கை ஓடாது. இருதார விவகாரத்தை உங்களிடம் கொண்டுவருவது அதனால்தான்.

இதை ஒரே சமுதாயத்தின் தலையில் கட்டிவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், கணவருக்கு வேறு மனைவியும் உண்டு என்று சொன்ன பெண்கள் முஸ்லிம்களில் 1.9 சதவீதம், இந்துக்களில் 1.3. இந்துக்களுக்குச் சென்னை மாகாணம் 1949-லேயே தடை போட்டுவிட்டது. ஆனால் நடப்பில் வித்தியாசம் அவ்வளவுதான்.

வள்ளத்தில் போகிறவருக்கு டீசல், ஐஸ் செலவு போக ஒரு பங்குதான் கிடைக்கும். அதில்தான் இரண்டு அடுப்பும் எரிய வேண்டும். முதல் மனைவி மகளிர் குழுவில் கடன் எடுத்து வலை வாங்கிக் கொடுத்திருப்பார். ஆள் பக்கத்து ஊரில் இன்னொரு குடும்பம் வைத்ததும் வலை அங்கே போய்விடும், வாரத் தவணை மட்டும் இந்த வாசலுக்கு வரும். பாசி எடுத்தும் கருவாடு விற்றும் அதைக் கட்டிக்கொண்டிருக்கிற பெண்கள் உங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள், உங்களுக்கும் தெரியும்.

இரண்டாமவர் மட்டும் சுகமாக இருக்கிறார் என்று நினைக்க வேண்டாம். மீன்பிடித் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் குடும்பத்துக்கு ஒன்றுதான், கார்டோ முதல் வீட்டில் இருக்கும். ஆள் செத்துவிட்டால், மனைவி இருவர் என்று தெரிந்ததுமே சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். இந்துக் குடும்பம் என்றால் இரண்டாமவர் சட்டப்படி வாரிசே இல்லை. பிள்ளைகளுக்கு மட்டும் தகப்பன் சொத்தில் பங்கு உண்டு. கூட்டுக் குடும்பச் சொத்தில் தகப்பனுக்குச் சேரவேண்டிய பாகத்திலும் உண்டு என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முஸ்லிம் குடும்பத்தில், பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று. மனைவி இருவரானால் அதே எட்டில் ஒன்றைத்தான் பிரித்துக்கொள்ள வேண்டும், ஆளுக்குப் பதினாறில் ஒன்று. இருப்பதோ ஒரு வள்ளமும் ஓட்டு வீடும். அதற்காக ஒரே தகப்பன் பிள்ளைகள் என் மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார்கள்.

கீழக்கரையில் மகளுக்கு வீடு கொடுத்துக் கல்யாணம் முடிக்கிற வழக்கம் இருக்கிறது. மாப்பிள்ளை என்ன செய்தாலும் அந்தப் பெண் தெருவுக்கு வரமாட்டாள். புறம்போக்கில் குடிசை போட்டிருக்கிற மீனவக் குப்பத்துப் பெண்ணுக்கு அந்தப் பிடிமானம் இல்லை.

அதற்காக, எல்லாரும் ஒருத்தியோடு இருங்கள் என்று தீர்மானம் போட்டுவிட்டால் முடிந்ததா? ஓரியூருக்கு நம்மில் போகாதவர் குறைவு. கிறிஸ்தவப் பாதிரியார் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1693-ல் அங்கே வெட்டுப்பட்ட கதை தெரிந்ததுதான். மறவர் தலைவரான தடியத்தேவர் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தபோது ஒரு மனைவியை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிட்டார். அதில் ஒருத்தி ராமநாதபுரம் அரசர் சேதுபதியின் உறவுப் பெண், அவள் போய் அரசரிடம் முறையிட்டதில்தான் அருளானந்தருக்கு அந்தக் கதி வந்தது. அருளானந்தருக்குக் கோயில் எழுந்தது, சரி. மற்றப் பெண்கள் எங்கே போனார்கள், யார் சோறு போட்டார்கள்? எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

கமிட்டிக்காரர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இப்படி ஒரு பஞ்சாயத்து வந்தால் ஆணுக்கு அபராதம் போட்டு ஊர்ப் பொதுவில் சேர்க்கிற வழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. அது பந்தலுக்கும் மைக்செட்டுக்கும் போகும், பாதிக்கப்பட்டவள் கைக்கு ஒரு ரூபாய் வராது. அந்தப் பணத்தை அவள் குழுக் கடனில் கட்டுங்கள். வள்ளமும் வலையும் யாருக்கு, பிள்ளைகளுக்கு மாதம் எவ்வளவு என்பதை எழுதி இரண்டு பெண்களிடமும் ஆளுக்கொரு நகல் கொடுங்கள். வாய்ப்பேச்சு ஆள் உயிரோடு இருக்கும் வரைதான்.

ஜமாஅத்தாரே, நீதமாக நடக்க முடியாது என்று அஞ்சினால் ஒருத்தியோடு நின்றுகொள் என்கிறது குர்ஆன். இரண்டாம் நிக்காஹ் தப்தரில் (திருமணப் பதிவேட்டில்) ஏறும் முன் முதல் மனைவியைக் கூப்பிட்டு விசாரிக்காமல் அந்த நீதத்தை எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? நீதமில்லை என்றால் மணவிலக்குக் கேட்க 1939-ம் வருடச் சட்டமே அவளுக்கு வழி கொடுத்திருக்கிறது. அதையும் அவளிடம் சொல்லுங்கள்.

மற்ற இரு தரப்புக்கும்: முதல் மனைவி இருக்க இன்னொரு தாலி கட்டினால் செல்லாது, ஏழு வருடம் வரை சிறை. பெண் பேசும்போதே பெண் வீட்டாரிடம் இதைச் சொல்லி, மாப்பிள்ளை ஊரில் விசாரித்துவிடுங்கள். தெரியாமல் கழுத்தை நீட்டியவர்களுக்கும் நான் மனு எழுதியிருக்கிறேன். 2009-ம் வருடச் சட்டப்படி எந்த மதக் கல்யாணமானாலும் 90 நாளுக்குள் பதிய வேண்டும், அதையும் விட்டுவிடாதீர்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகெல்லாம் கரையில்தான் நிற்கும், ஆண்களும் ஊரில்தான் இருப்பார்கள். அப்போது ஒரு கூட்டம் போடுங்கள், பெண்களையும் கூப்பிடுங்கள். எழுதுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
மனு எழுதுகிறவன்